இங்கிலாந்தில் பழைய சர்ச்சில் கழிவறை கட்டக்கூடத் தொல்லியலாளர் வந்து நிற்பாராமே, எதற்கு?

உண்மைதான். நிற்பதுதான் அவர் வேலையே. கென்ட் பக்கம் ஒரு கிராமத்துச் சர்ச்சில் ஒரே ஒரு கழிவறை கட்ட சைட் எஞ்சினியராகப் போனபோது, "பள்ளத்தை வேடிக்கை பார்க்க ஒருத்தருக்குச் சம்பளமா?" என்று நானும் எரிச்சல்பட்டவன்தான்.

சர்ச் ஆஃப் இங்கிலாந்து ஆலயங்களில் பெரிய வேலை எதுவானாலும் மறைமாவட்டத்திடம் 'ஃபேக்கல்ட்டி' என்ற அனுமதி வாங்க வேண்டும். மண்ணைத் தோண்டுவதென்றால், தொல்லியலாளர் உடனிருக்க வேண்டும் என்று பெரும்பாலும் அதிலேயே நிபந்தனை இருக்கும். இதற்குப் பெயர் 'வாட்சிங் பிரீஃப்'. செலவு சபையின் தலையில்.

பல நூறு வருஷமாக ஒரே வளாகத்தில் புதைத்த மேல் புதைத்திருக்கிறார்கள். வளாகத்து மண்ணே மேடேறி, சில சர்ச்சுகளுக்குள் படி இறங்கித்தான் போக வேண்டும். அதனால் எங்கே தோண்டினாலும் எலும்பு.

எங்கள் சர்ச்சுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு இல்லை. 'ட்ரெஞ்ச் ஆர்ச்' போட்டோம்: ஆழமில்லாத பள்ளம், இருபுறமும் கல் கட்டு, மேலே பலகைக்கல், அடியில் வெறும் மண். கழிவு அதற்குள் போகும்; மிச்சத்தை மண்புழு பார்த்துக்கொள்ளும். கல்லறை ஆழத்துக்குப் போகாமல் முடிப்பதற்கென்றே பழைய சர்ச்சுகளில் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

மண் தோண்டும் சின்ன இயந்திரமான மினி டிக்கருக்குப் பல் இல்லாத பக்கெட்தான் போட வேண்டும் என்று எங்களுக்கு வந்த தொல்லியலாளர் அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். பல் வைத்த பக்கெட் மண்ணைக் கீறிக் குழப்பிவிடுமாம். இரண்டாம் நாள் திடீரென்று கையைத் தூக்கி நிறுத்தினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து சின்னக் கரண்டியால் தரையைச் சுரண்டினார். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில், கோடு போட்டு வெட்டிய மாதிரி, ஆள் நீளத்துக்குப் பழுப்பு மண். யாரோ தோண்டி மூடிய குழி. உள்ளே இருப்பவரைத் தொடவே இல்லை; அளந்து, படம் எடுத்து, வரைந்தார். நாங்கள் பள்ளத்தை 60 சென்டிமீட்டர் தள்ளிப் போட்டோம். அரை நாள் போச்சு. எனக்குக் கிடைத்த திட்டு தனிக் கதை.

புதையல் ஏதும் கிடைக்குமா என்று எல்லோரும் கேட்பார்கள். எப்போதாவது. லண்டனில் லாம்பெத் செயின்ட் மேரி சர்ச், இப்போது தோட்டக்கலை அருங்காட்சியகம், 2016இல் புதுப்பிக்கப்பட்டபோது தரைக்கல்லைப் பெயர்த்த கட்டட ஆட்களுக்கே ஒரு ஓட்டை தெரிந்தது. கைப்பேசியைக் குச்சியில் கட்டி உள்ளே விட்டுப் பார்த்தால், 30 ஈயச் சவப்பெட்டிகள், ஒன்றின்மேல் தங்க முலாம் பூசிய பேராயர் கிரீடம்! கிங் ஜேம்ஸ் பைபிள் மொழிபெயர்ப்பை மேற்பார்த்து, அது வெளியாவதற்கு முந்தின வருஷம் 1610இல் இறந்த கான்டர்பரி பேராயர் ரிச்சர்ட் பான்கிராஃப்டின் பெயரும் அங்கே இருந்தது. பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது துருப்பிடித்த சவப்பெட்டி ஆணிகள், உடைந்த களிமண் சுங்கான் துண்டு, முன்னமே கலைந்து கிடந்த எலும்புகள் ஒரு பெட்டி நிறைய. வேலை முடிந்த அன்று வளாகத்து மூலையில் குருவானவர் ஜெபம் சொல்லி எலும்புகளை மறுபடி அடக்கம் செய்தார். டிக்கர் ஓட்டுநர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு நின்றார். அந்தக் குழியை மட்டும் அவர் மண்வெட்டியால் கையாலேயே வெட்டியிருந்தார்.