ஆர்சி ஹாபி கடைக்கு வருகிறவர்கள் உண்மையில் எதிர்பார்ப்பது என்ன?

ரிமோட்டில் ஓடும் கார், விமானம், படகு, அவற்றின் உதிரிபாகங்கள் விற்கும் கடைதான் ஆர்சி ஹாபி கடை. ஒருமுறை வண்டி வாங்கியவர் அங்கே திரும்பத் திரும்ப வருவது பெரும்பாலும் ஸ்பேர் பார்ட்ஸுக்குத்தான். பொம்மைக் கார் உடைந்தால் தூக்கிப் போட்டுவிடுவோம், ஹாபி கார் கழற்றி மாட்டி ஓட்டுவதற்கென்றே செய்தது, வேகமாகப் போய் மோதும், முன்சக்கரத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் கை உடையும், மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெரிய பல்சக்கரமான ஸ்பர் கியரின் பல் தேயும். சனிக்கிழமை சாயங்காலம் உடைந்தது ஞாயிறு காலைக்குள் கிடைக்க வேண்டும், கூரியர் வருவதற்குள் விடுமுறையே போய்விடும். சைக்கிள் கடை மாதிரிதான்: புது சைக்கிள் எப்போதோ ஒன்று, டியூபும் பிரேக் கட்டையும் அடிக்கடி.

அப்புறம், விவரம் தெரிந்த ஆள் வேண்டும். தேய்ந்த கியரைக் காட்டினால் பல்லை எண்ணிப் பார்த்து, "மோட்டார்ல மாட்டின சின்ன கியர், பினியன், அதோட இடைவெளி சரியில்ல, அதான் தின்னுடுச்சு" என்று சொல்லத் தெரிந்தவர். இந்த வண்டிகளில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் இது இன்னும் முக்கியம். சாதாரண லிப்போவில் உள்ளே இருக்கும் ஒரு செல் 4.2 வோல்ட்டைத் தாண்டிச் சார்ஜ் ஆனால் உப்பலாம், தீப்பிடிக்கவும் கூடும். ஓட்டாமல் வைக்கும்போது செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் விட வேண்டும். இதைச் சொல்லாமல் பேட்டரியை மட்டும் நீட்டுகிற கடைக்கு நான் போவதில்லை.

ஆன்லைன் விலைக்கே கொடுத்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று சில கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். ஆனால் கையோடு கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுக்கப் பலர் தயார், "ஆர்டர் போட்டுத் தர்றேன், பத்து நாளாகும்" என்றால் அதை அவர்களே வீட்டிலிருந்து செய்துகொள்வார்கள்.