அமெரிக்கக் கல்லூரிப் பட்டியலைக் குடும்பச் செலவை வைத்து எப்படி அமைப்பது?

சிங்கப்பூரில் தொடக்கக் கல்லூரியில் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு) படிக்கும் மகள் அமெரிக்காவுக்கும் விண்ணப்பிக்க விரும்புவதாகவும், வருமானம் நடுத்தரம் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பட்டியலில் முதலில் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களை எழுதுங்கள்: குடிமக்களுக்குக் கல்வி அமைச்சின் கட்டண மானியம் உண்டு, மீதிக் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை, படிக்கும் காலத்தில் வட்டியில்லாத கடனும் கிடைக்கும்.

ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி போன்ற மிகச் சிலவே வெளிநாட்டு மாணவரின் பணத்தேவையைப் பாராமல் தேர்ந்தெடுத்து, அத்தேவையை முழுமையாக ஈடுகட்டுகின்றன. அங்கே இடம் கிடைப்பதோ குதிரைக்கொம்பு. மற்ற பலவற்றில் நிதியுதவி கேட்பதே வாய்ப்பைக் குறைக்கக்கூடும்; ஆனாலும், உதவி இல்லாவிட்டால் சேர முடியாத கல்லூரிகளில் கேட்காமல் விண்ணப்பிப்பது வீண்வேலை.

நம்மவர்கள் கவனிக்காத ஒன்று: உதவிப் படிவம் பெற்றோரின் சொத்து விவரத்தையும் கேட்கும். மத்திய சேமநிதியில் (கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு) உள்ள தொகையைப் பொதுவாக 55 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்பதையும், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றால் குடியிருக்க வேறிடம் இல்லை என்பதையும் உதவி அலுவலகத்துக்குத் தனிக் கடிதமாக விளக்குங்கள். இடம் கிடைத்தபின், கட்டணத்தோடு மருத்துவக் காப்புறுதி, விமானச் செலவு ஆகியவற்றையும் கூட்டி, உதவித்தொகையைக் கழித்து, நான்காண்டு நிகரச் செலவை சிங்கப்பூர் வெள்ளிக் கணக்கில் ஒப்பிடுங்கள்.