ஆசிட் மேல் ப்ளீச்சிங் பவுடர்: மூச்சை முட்டியது எது?

கேள்வி: பல்லடம் பக்கம் எங்கள் வீடு. போர்த் தண்ணீர்தான். பாத்ரூம் டைல்ஸ் முழுக்க வெள்ளையாக உப்புப் படிந்துவிட்டது. போன வாரம் ஆசிட் ஊற்றித் தேய்த்தும் போகவில்லை என்று, அதன் மேலேயே ப்ளீச்சிங் பவுடரைத் தூவினேன். ஒரே நிமிஷத்தில் நெஞ்சை அடைத்து, கண்ணெல்லாம் எரிந்து, இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்தேன். ராத்திரி வரை இருமல் நிற்கவில்லை. "டூப்ளிகேட் ஆசிட்டா இருக்கும்ங்" என்கிறார் வீட்டுக்காரர். அப்படியா? உப்புக்கறையை எப்படித்தான் எடுப்பது?

பதில்: ஆசிட் மேல் பழி போட வேண்டாங்க. அது இன்னும் வீரியமாக இருந்திருந்தால் உங்கள் பாடு இன்னும் மோசமாகியிருக்கும். உங்கள் நெஞ்சை அடைத்தது குளோரின் வாயு. பாட்டிலில் இருந்து வந்ததல்ல, உங்கள் பாத்ரூம் தரையிலேயே தயாரானது.

முதலில் ஆசிட்டின் சொந்தப் புகையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு வாங்கும் ஆசிட் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். ஹைட்ரஜன் குளோரைடு என்ற வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் அதுதான். கோலி சோடாவைத் திறந்ததும் கேஸ் கிளம்புகிற மாதிரி, மூடியைத் திறந்ததும் கரைந்திருந்த வாயு வெளியேறுகிறது. காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துக்கொண்டு வெள்ளைப் புகையாகத் தெரிகிறது. ஆசிட் கேன் வைத்த மூலையில் கேட்டும் தாழ்ப்பாளும் சீக்கிரம் துருப்பிடிப்பது இதனால்தான். உப்புக்கறையில் ஊற்றினால் 'புஸ்' என்று நுரைக்கும். அந்தக் குமிழிகளுக்குள் இருப்பது கரியமில வாயு. குமிழி உடையும்போது பொடிப்பொடியாக ஆசிட் துளிகள் மேலே தெறிக்கும். குனிந்து தேய்க்கிறவர் மூக்குக்கு நேராக.

இந்தப் புகை தொண்டையை உடனே அரிப்பதால், நாமும் விலகிவிடுவோம். குளோரின் வேறு ரகம்.

சுண்ணாம்பில் குளோரினை ஏற்றித்தான் ப்ளீச்சிங் பவுடர் செய்கிறார்கள். சுண்ணாம்பின் காரம் இருக்கும்வரை குளோரின் அடங்கியிருக்கும். ஆசிட் பட்டால் காரம் போய்விடும், குளோரின் ஒரே மூச்சில் கிளம்பும். காற்றைப் போல சுமார் 2.5 மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு பரவும். குத்தவைத்துத் தேய்க்கிறவருக்கும், வாசலில் நின்று எட்டிப் பார்க்கும் குழந்தைக்கும்தான் முதல் அடி. கண், தொண்டை, நுரையீரல் என ஈரம் இருக்கும் இடமெல்லாம் அது அமிலமாக மாறி அரிக்கும். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் படை எதிரிகள் மேல் திறந்துவிட்டதும் இதே வாயுதான்.

இவ்வளவு அவதிப்பட்டும் கறை போனதா என்றால், போயிருக்காது. இரண்டையும் சேர்த்தால் பவர் கூடும் என்பது நம் ஊரில் பரவலான நம்பிக்கை. உண்மையில் ஒன்றை ஒன்று தின்றுவிடும். கறையைக் கரைக்க ஆசிட் மிஞ்சாது, கிருமியைக் கொல்ல ப்ளீச்சிங்கும் மிஞ்சாது. அதோடு, உங்கள் டைல்ஸில் இருப்பதே பெரும்பாலும் சுண்ணாம்பு உப்பு. அதன் மேல் சுண்ணாம்பில் செய்த பவுடரைத் தூவி என்ன பலன்? ப்ளீச்சிங் பவுடர் பாசிக்கும் கிருமிக்கும் உரியது. உப்புக்கறையை அது தொடவே தொடாது.

நான் திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் இருந்த வருஷங்களில் ஹைப்போவும் (திரவ வடிவ ப்ளீச்சிங் அது) ஆசிட்டும் ஒரே அறையில் இருக்காது. இதற்கு எடுத்த மக்கை அதற்குத் தொடவிட மாட்டார் எங்கள் மேஸ்திரி. பள்ளிக்கூடம் தாண்டாத மனிதர், ஆனால் வேதியியல் அவருக்குத் தெரிந்திருந்தது. வீட்டில் நாம் இரண்டையும் மாடிப்படிக்குக் கீழே ஒரே அட்டைப் பெட்டியில் போட்டு வைக்கிறோம்.

'ஆசிட்' என்று எழுதாததும் ஆசிட்டாக இருக்கலாம். டாய்லெட் க்ளீனர்கள் பலவற்றில் அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான் நிறம் ஏற்றி இருக்கிறது. எலுமிச்சை, வினிகர் கூட ப்ளீச்சிங்கோடு சேர்ந்தால் குளோரினைக் கிளப்பும். சிறுநீர் நாற்றத்துக்கு ப்ளீச்சிங்கைத் தூவினால் அதிலிருக்கும் அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற இன்னொரு வாயு வரும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுத் தூவுங்கள்.

சரி, கறைக்கு வருவோம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் அமிலம் அது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று டேபிள் ஸ்பூன் கரைத்து, பழைய துணியை நனைத்துக் கறை மேல் ஒட்டி அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பல வருஷக் கறை ஒரே நாளில் போகாது. வாரம் ஒரு தடவை என்று நாலு வாரம் பாருங்கள். மார்பிள், மொசைக் தரைக்கு மட்டும் இதுவும் ஆகாது, பளபளப்பைத் தின்றுவிடும். பாசிக்கு ப்ளீச்சிங் போடுவதாக இருந்தால் தரையை நன்றாகக் கழுவிவிட்டு, வேறொரு நாளில் போடுங்கள்.

இனி எப்போதாவது அந்த நெடி வந்தால், போட்டதை அள்ள நிற்காதீர்கள். ஜன்னல், எக்ஸாஸ்ட் ஃபேன் கைக்கெட்டினால் திறந்துவிட்டு வெளியேறுங்கள். முகத்தில் கட்டும் ஈரத்துணியை நம்பி உள்ளே போக வேண்டாம். நெடி முழுக்க அடங்கிய பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கண் எரிந்தால் பதினைந்து நிமிஷமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். பால் குடித்தால் சரியாகும் என்பார்கள். பால் போவது வயிற்றுக்கு, வாயு போனது நுரையீரலுக்கு. அந்த நேரம் பரவாயில்லை போலத் தோன்றி, சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் உண்டு. மூச்சு வாங்கினால், நெஞ்சு இறுகினால் 108-ஐக் கூப்பிடுங்கள். உங்களுக்கு இருமலோ இளைப்போ இன்னும் இருந்தால், இன்றே டாக்டரைப் பார்த்து, என்னென்ன கலந்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

தெருவில் வண்டியில் வரும் ஆசிட்டைப் பழைய குடிதண்ணீர் பாட்டிலில் வாங்கி வைத்திருந்தால் அதையும் இன்றே கவனியுங்கள். ஆசிட் ஒரு மூலையில், ப்ளீச்சிங் பவுடர் வீட்டின் இன்னொரு மூலையில், இரண்டும் குழந்தை கைக்கு எட்டாமல் இருக்கட்டும்.