தாழ்ந்த சீட்டில் தினமும் தூரப் பயணம்: ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

கேள்வி: கோவையிலிருந்து திருப்பூருக்குத் தினமும் போய் வருகிறேன், போக வர 100 கி.மீ. பழைய ஃபோர்டு மஸ்டாங் ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வயது 46. முதுகு தாங்குமா என்று வீட்டில் கேட்கிறார்கள்.
- வாசகர், கோவை

பதில்: ஸ்போர்ட்ஸ் கார்களில் மஸ்டாங் சாதுவான ரகம்தான். இந்தியாவுக்கு வந்த ஆறாம் தலைமுறையில் பின்சக்கரங்கள் இரண்டும் தனித்தனியாக ஏறி இறங்கும். அதற்கு முந்தைய மஸ்டாங்குகளில், ஓரிரு விசேஷ வகைகளைத் தவிர, லாரியில் இருப்பதுபோல ஒரே முழு ஆக்ஸில். ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மறுபக்கமும் சேர்ந்து குலுங்கும். வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம்) 2,720 மி.மீ. என்பதால் முன்னும் பின்னும் தலையாட்டுவதும் குறைவு. 6 கியர் ஆட்டோமேட்டிக் என்பதால் அவினாசி ரோடு நெரிசலில் இடது காலுக்கு வேலை இல்லை.

வீட்டில் கேட்பதிலும் நியாயம் உண்டு. உட்கார்ந்திருக்கும் உடம்பை மேலும் கீழுமாகக் குலுக்கினால், விநாடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வைத்தான் முதுகெலும்பு மிக மோசமாக உணரும். குடும்பக் கார்களின் ஸ்பிரிங் விநாடிக்கு ஏறக்குறைய 1 முதல் 1.3 தடவை ஆடும்படி அமைக்கப்படுகிறது. ஸ்போர்ட்ஸ் கார்களில் இது 1.5 முதல் 2 வரை போகும். ஸ்பிரிங் இறுக இறுக அதிர்வு அந்தக் கெட்ட எல்லையை நெருங்குகிறது. ஆனாலும் 'சஸ்பென்ஷன் கல்லு மாதிரி இருக்கு' என்று வரும் புகார்களில் பாதிக்கு மேல் குற்றவாளி சஸ்பென்ஷன் இல்லை. டயரும் சீட்டும்தான்.

அதனால் பேரம் பேசுவதற்கு முன் டயரைப் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். இந்த மாதிரி வண்டிகள் ஓடியதைவிடக் கவர் போட்டு நின்றதே அதிகம். டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் மேடுகள்) நிறைய இருக்கும், ரப்பர் மட்டும் இறுகிப்போயிருக்கும். ஆறு வருடம் தாண்டியிருந்தால் நான்கு டயரின் விலையையும் பேரத்தில் கழித்துவிடுங்கள். ஷாக் அப்சார்பர் உடலில் எண்ணெய் ஈரம், கன்ட்ரோல் ஆர்ம் (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) ரப்பர் புஷ்களில் வெடிப்பு, 90-100 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுக்கம் (பெரும்பாலும் வளைந்த அலாய் வீல்), இந்த மூன்றையும் லிஃப்ட்டில் ஏற்றியும் ஓட்டியும் பார்க்க வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பது என்றால் நீங்கள் தினமும் போகும் அதே சாலையில், குறைந்தது ஒரு மணி நேரம். பத்து நிமிடத்தில் எந்த சீட்டும் சுகமாகத்தான் இருக்கும். இன்னொன்று: ஃபோர்டு 2021-இல் அறிவித்து, இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்திவிட்டது, மஸ்டாங் எப்போதுமே இறக்குமதி வண்டி. உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் நாட்களில் ஆபீஸ் போக இன்னொரு வாகனம் வீட்டில் இல்லையென்றால் இதை வாங்காதீர்கள்.

கேள்வி: தாழ்வான இரண்டு சீட்டர் கார். 45 நிமிடம் ஓட்டினால் தொடை மரத்துப்போகிறது, இடுப்பு பிடித்துக்கொள்கிறது. சீட்டை மாற்றலாமா?
- வாசகர், பெங்களூரு

பதில்: மாற்றுவதற்கு முன் இருக்கும் சீட்டைச் சரியாக அமைத்துப் பாருங்கள். ஸ்போர்ட்ஸ் கார் என்றதும் பலரும் சீட்டை அடியோடு இறக்கி, பின்னால் தள்ளி, சாய்ந்து படுத்துக்கொள்கிறார்கள். கால் நீட்டியிருக்கும்போது தொடையின் பின்தசை இழுபட்டு இடுப்பெலும்பைப் பின்னுக்குச் சாய்க்கும். கீழ் முதுகு வளைந்து எடை முழுவதும் அங்கே இறங்கும். பிடிப்பு வருவது இதனால்தான்.

இந்த வரிசையில் செய்யுங்கள். இடுப்பு சீட்டின் மூலையில் இடைவெளியில்லாமல் பொருந்தட்டும். தலைக்கும் கூரைக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழையும் வரை சீட்டை உயர்த்துங்கள். பிரேக்கை முழுதாக மிதித்த நிலையிலும் முழங்கால் மடங்கியிருக்கும்படி முன்னால் நகர்த்துங்கள். சீட்டின் முன்விளிம்பைத் தனியாக உயர்த்த முடிந்தால் தொடையைத் தொடும் வரை மட்டும் உயர்த்துங்கள். முழங்கால் மடிப்புக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் புக வேண்டும். அந்த இடம் அழுந்துவதால்தான் பெரும்பாலும் தொடை மரக்கிறது. முதுகுப்பகுதி 100 முதல் 110 பாகை. தோள் சீட்டில் ஒட்டியிருக்கும்போதே மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்விளிம்பில் படிய வேண்டும்; எட்டவில்லையென்றால் ஸ்டீயரிங்கை வெளியே இழுங்கள், நீங்கள் முன்னால் குனியாதீர்கள். இடுப்பு ஆதரவு கடைசியில்: பெல்ட் கட்டும் உயரத்தில், முதலில் 'ஆகா' என்று தோன்றும் அளவில் பாதி போதும். முழுதாக ஊதி வைத்தால் அரை மணியில் அதுவே குத்தும். பின் பாக்கெட் பர்ஸை எடுத்துவிடுங்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தொடையின் வெளிப்பக்கம் மட்டும் வலித்தால், சீட்டின் பக்க மேடுகள் உங்கள் இடுப்பகலத்துக்குக் குறுகலானவை. மெத்தை போட்டுச் சரிசெய்ய முடியாது. அதே மாடலில் அகலமான சீட் வகை இருக்கிறதா என்று விசாரியுங்கள். காருக்கு வெளியேயும் முழங்காலுக்குக் கீழ் மரப்பு தொடர்ந்தால் அது மெக்கானிக்கின் வேலை அல்ல, மருத்துவரைப் பாருங்கள்.

ஏறி இறங்குவதும் முதுகைப் பாதிக்கும். ஒரு காலை உள்ளே வைத்து உடம்பைத் திருகி விழாமல், கதவுக்கு முதுகு காட்டி முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது இதையே தலைகீழாக.

கேள்வி: வேகத்தடைகளில் அடிப்பாகம் உரசுமே என்ற பயத்தில் போர்ஷே 911 வாங்கும் யோசனை நின்றுவிட்டது. முன்பக்கத்தை உயர்த்தும் வசதியை வாங்கினால் தீர்ந்துவிடுமா?
- வாசகி, சென்னை

பதில்: பாதி தீரும். அது முன் ஆக்ஸிலை ஏறக்குறைய 40 மி.மீ. உயர்த்துகிறது, அதுவும் மெதுவான வேகத்தில் மட்டும். அடித்தள பார்க்கிங் சாய்தளத்தில் முன் பம்பரின் கீழ் உதட்டைக் காப்பாற்றும். ஆனால் வேகத்தடையில் உரசுவது இரண்டு ஆக்ஸிலுக்கும் நடுவில் உள்ள வயிறு; அங்கே கிடைப்பது அந்த 40-இல் பாதிதான்.

சாலை அமைப்பு விதிகளை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி 25 கி.மீ. வேகத்தில் கடக்கும் வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் இருக்க வேண்டும். வளைவின் ஆரம் 17 மீட்டர். 911-இன் வீல்பேஸ் 2,450 மி.மீ. நடு உச்சியில் நிற்கும்போது நான்கு சக்கரங்களும் அந்த மேட்டின் மீதே இருக்கும். வயிறு இழக்கும் இடைவெளி ஏறக்குறைய 44 மி.மீ. மட்டுமே. எந்த ஸ்போர்ட்ஸ் காரும் நிம்மதியாகக் கடக்கும். தெருவாசிகளே சிமென்ட் குழைத்துப் போட்ட, அரை மீட்டர் அகலமும் 15 செ.மீ. உயரமும் கொண்ட கட்டைதான் ஆபத்து. சக்கரங்கள் சமதரையில் இருக்க, 150 மி.மீ.யும் வயிற்றுக்கு நேர் கீழே வந்துவிடும். இடதும் வலதும் வெவ்வேறு நேரத்தில் ஏறுமாறு சாய்வாகக் கடப்பது உதவும், பின்னால் வரும் இருசக்கரக்காரர் அதை எதிர்பார்க்க மாட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

ஆக, கையில் ஒரு டேப்புடன் உங்கள் தெருவிலும் ஆபீஸ் வாசலிலும் உள்ள கட்டைகளை அளந்துவிட்டு முடிவெடுங்கள். நெடுஞ்சாலையில் உள்ளவற்றுக்குப் பயப்பட வேண்டாம்.

கேள்வி: சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்கு டொயோட்டா ஜிஆர்86-இல் போகிறேன். குலுங்கல் பழகிவிட்டது, இரைச்சல்தான் தலைவலி. சைலன்சர் மாற்றியபின் ரீங்காரமும் சேர்ந்துகொண்டது.
- வாசகர், சிரம்பான்

பதில்: இரண்டு தனித்தனி இரைச்சல்கள் இவை. 'உஸ்ஸ்' என்று சாலைக்குச் சாலை மாறுவது டயர். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் காதை அடைப்பது சைலன்சர்.

நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால் விநாடிக்கு 100 அதிர்வு. கேபினில் உள்ள காற்றும் அதே அளவில் அதிரத் தொடங்கினால் நீங்கள் சொல்லும் ரீங்காரம் பிறக்கும். எந்தச் சுற்றில் உச்சம் என்று என்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரில் குறித்துக்கொண்டு நல்ல சைலன்சர் பட்டறைக்குப் போங்கள். மறுமுனை மூடிய ஒரு குழாயை எக்ஸாஸ்டில் கிளையாகப் பற்றவைப்பார்கள். அதன் நீளம் ஒலி அலையின் கால்பங்கு. சூடான புகையில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் என்று வைத்தால், 100 அதிர்வுக்கு 1.25 மீட்டர். அந்த ஒரு சுரத்தை மட்டும் அது விழுங்கிவிடும். இவ்வளவு செலவுக்குப் பழைய சைலன்சரையே மாட்டிவிடலாம். ஜேபிஜே (மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறை) சோதனையிலும் கவலை இருக்காது.

டயருக்கு வருவோம். 18 அங்குல வீலில் 215/40 டயரின் (அகலம் 215 மி.மீ., பக்கச்சுவர் அதில் 40 சதவீதம்) பக்கச்சுவர் 86 மி.மீ. சில நாடுகளில் இதே காரின் அடிப்படை வகை 17 அங்குல வீலில் 215/45 டயருடன் வருகிறது. பக்கச்சுவர் 97 மி.மீ., மொத்த விட்டத்தில் 4 மி.மீ. மட்டுமே வித்தியாசம். நிறுவனமே பயன்படுத்தும் அளவு என்பதால் தயங்காமல் மாறலாம். கூடவே, பிடிப்பை மட்டும் நோக்கிச் செய்த டயருக்குப் பதில் பயண வகை டயர் போட்டால் இரைச்சலும் குறையும், ஆயுளும் கூடும். வளைவுகளில் கொஞ்சம் கூர்மை போகும். தினமும் நெடுஞ்சாலையில் நேரே போகிறவருக்கு அது நஷ்டமே இல்லை.

கேள்வி: டயர் கடையில் 38 பி.எஸ்.ஐ. காற்று நிரப்புகிறார்கள். பள்ளத்தில் அலாய் வளையாமல் இருக்கும் என்கிறார்கள். சரியா?
- வாசகர், மதுரை

பதில்: கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்தான் சரி, டயர் குளிர்ந்திருக்கும்போது. எடை குறைந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றுக்கு அது 29-தான். அதில் 38 அடைத்தால் டயர் பந்தாகத் துள்ளும், நடுப்பகுதி மட்டும் தேயும். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் கூடினால் அழுத்தம் ஏறக்குறைய 1.5 பி.எஸ்.ஐ. ஏறும், ஓடிய டயரில் அளந்து 'அதிகமாக இருக்கிறதே' என்று காற்றை இறக்காதீர்கள். சிறிய கம்ப்ரசர் ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டு காலையில் கிளம்புமுன் பாருங்கள். பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் கார்களில் ஸ்டெப்னி கிடையாது, எனவே பஞ்சருக்கும் அது வேண்டும்.

கேள்வி: ஓஎம்ஆர் நெரிசலில் இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் சூடாகிறது. ஓட்டும் விதத்தில் தவறா?
- வாசகர், சென்னை

பதில்: பெரும்பாலும் ஆம். இது சாதாரண ஆட்டோமேட்டிக் அல்ல. பிரேக்கைப் பாதி விட்டு ஊர்ந்துகொண்டே இருந்தால் உள்ளே கிளட்ச் தேய்ந்தபடி நழுவுகிறது. முன் வண்டி ஒன்றிரண்டு கார் நீளம் நகரும் வரை பிரேக்கை அழுத்தி நில்லுங்கள், பிறகு ஒரேயடியாக நகர்ந்து மறுபடி நில்லுங்கள். மேம்பால ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்து வண்டியைப் பிடித்து நிறுத்துவது அதற்கு எமன். எண்ணெயில் முழுகிய கிளட்ச் இந்தக் கொடுமையை ஓரளவு தாங்கும். உலர் வகை தாங்காது. உங்களுடையது எது என்று தெரிந்துகொண்டு, எண்ணெய் வகை என்றால் கையேட்டில் சொன்ன இடைவெளியில் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றுங்கள்.

கேள்வி: பிஎம்டபிள்யூ இசட்4 போன்ற கூரை திறக்கும் கார் தினசரிக்கு ஏற்றதா?
- வாசகி, புதுச்சேரி

பதில்: கூரையைப் பெரும்பாலும் மூடியே ஓட்டத் தயார் என்றால் ஏற்றது. துணிக்கூரைதான், ஆனாலும் ஓடும்போதே 50 கி.மீ. வேகம் வரை பத்து விநாடியில் திறந்து மூடும். காலை ஏழு மணிக்குத் திறந்து, வெயில் ஏறியதும் மூடிக்கொள்ளலாம். நிறுத்துமிடம் நிழலில் இருப்பது அவசியம். மழைக்காலத்தில் கூரை மடிப்புக்குப் பக்கத்தில் உள்ள வடிகால் துளைகளில் வேப்பிலைச் சருகு அடைக்காமல் பாருங்கள். அடைத்தால் தண்ணீர் காருக்குள் இறங்கி கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங்கை நனைக்கும். ஈர வாடை வந்தாலே கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள்.