துண்டு போட்ட இடத்தை எண்ணாதீர்கள்: நெட்வொர்க் மென்பொருளில் பயனர் வரம்பைக் காப்பது எப்படி?

வாசகர் கேள்வி: திருப்பூரில் பின்னலாடை நிறுவனங்களுக்கு பில்லிங், ஸ்டாக் மென்பொருள் எழுதி விற்கிறேன். விண்டோஸில் ஓடும் டெஸ்க்டாப் மென்பொருள். தரவு எல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கணினியில் எஸ்கியூஎல் சர்வர் எக்ஸ்பிரஸில் (மைக்ரோசாஃப்டின் இலவசத் தரவுத்தள மென்பொருள்) இருக்கும். ‘5 பயனர்’ லைசென்ஸ் வாங்கியவர்கள் எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். ஒரே நேரத்தில் 5 பேர்தான் திறக்கலாம். மென்பொருள் திறக்கும்போது ஓர் அட்டவணையில் எண்ணிக்கையை 1 கூட்டுகிறேன், மூடும்போது 1 கழிக்கிறேன். கரண்ட் போனால் எண்ணிக்கை 5இலேயே நின்றுவிடுகிறது. மறுநாள் காலை ஒருவராலும் திறக்க முடியவில்லை என்று போன் வருகிறது. இன்னும் சில வாடிக்கையாளர்களிடம் 5 லைசென்ஸில் 7 பேர் வேலை செய்கிறார்கள். எப்படிச் சரிசெய்வது?

பதில்: இரண்டும் தனித்தனிக் கோளாறுகள் அல்ல. முதல் கோளாறைச் சரிசெய்யப் போய்த்தான் இரண்டாவது வந்திருக்கும் என்று நினைக்கிறேன். காலையில் போன் வந்ததும் உங்கள் ஆள் என்ன செய்கிறார்? எண்ணிக்கையை 0 ஆக்குகிறார். எண்ணிக்கை 5இல் இல்லாமல் 3இல் நின்றுபோன நாளில், ஏற்கெனவே இரண்டு பேர் உள்ளே வேலை செய்துகொண்டிருந்தால், கணக்கில் அவர்கள் இல்லை. இன்னும் 5 பேர் தாராளமாக உள்ளே வரலாம். ஆக 7.

பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். துண்டு போட்டவர் பாதி வழியில் இறங்கிப் போய்விட்டாலும் துண்டு அங்கேயே கிடக்கும்; அடுத்தவர் உட்காரத் தயங்குவார். ஆள் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிக்கல் இல்லை. அவர் எழுந்த கணமே இடம் காலி, யாரும் வந்து அறிவிக்க வேண்டியதில்லை. உங்கள் அட்டவணையில் இருக்கும் எண் ஒரு துண்டு. அதை எடுக்க வேண்டியவர் அதைப் போட்டவர்தான், ஆனால் கரண்ட் போன கணினியால் எதையும் எடுக்க முடியாது. எனவே எண்ணிக்கையை எழுதி வைக்கும் முறையையே விட்டுவிடுங்கள். மென்பொருள் உயிரோடு இருக்கும்வரை மட்டுமே நிற்கக்கூடிய ஒரு பிடி வேண்டும்.

அந்தப் பிடி உங்கள் கையிலேயே இருக்கிறது. எஸ்கியூஎல் சர்வரில் ‘எஸ்பி_கெட்ஆப்லாக்’ என்ற உள்ளமைந்த செயல்முறை உண்டு. எந்த அட்டவணையையும் தொடாமல், நாம் வைக்கும் ஒரு பெயரின் மீது பூட்டுப் போடுவது இதன் வேலை. ‘இருக்கை1’ முதல் ‘இருக்கை5’ வரை ஐந்து பெயர்களை வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் திறக்கும்போது ஒன்றாவது பெயரைப் பூட்டிப் பார்க்கட்டும், கிடைக்காவிட்டால் இரண்டாவது, இப்படியே ஐந்து வரை. எதுவும் கிடைக்கவில்லை என்றால் வரம்பு நிரம்பிவிட்டது. பூட்டைக் கொடுப்பதா மறுப்பதா என்பதை சர்வர் ஒருமுகமாகத் தீர்மானிப்பதால், ஒரே நொடியில் இரண்டு பேர் திறந்தாலும் ஒருவருக்குத்தான் அந்த இருக்கை கிடைக்கும். முதலில் எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு வரி சேர்க்கும் முறையில் இந்த உத்தரவாதம் இல்லை. காலை ஒன்பதரைக்கு இரண்டு பேரும் ‘4 பேர் இருக்கிறார்கள்’ என்று படித்து, இரண்டு பேரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

இதில் மூன்று அமைப்புகளைத் தவறவிட்டால் எல்லாம் வீண். பூட்டின் உரிமையாளர் ‘செஷன்’ (இணைப்பு திறந்திருக்கும் காலம் முழுதும்) என்று குறிப்பிட வேண்டும். எதுவும் சொல்லாவிட்டால் அது பரிவர்த்தனையோடு (டிரான்ஸாக்‌ஷன்) சேர்ந்துவிடும், அது முடிந்ததும் பூட்டும் போய்விடும். பூட்டு வகை ‘எக்ஸ்குளூசிவ்’ (ஒருவருக்கு மட்டும்) ஆக இருக்க வேண்டும். காத்திருப்பு நேரம் 0 என்று தர வேண்டும். தராவிட்டால் ஒன்றாவது இருக்கை காலியாகும்வரை உங்கள் மென்பொருள் அசையாமல் நிற்கும், வாடிக்கையாளர் அது ‘ஹேங்’ ஆகிவிட்டது என்பார். திரும்பி வரும் எண் 0 அல்லது 1 என்றால் பூட்டு கிடைத்தது. அதற்குக் கீழே எதுவானாலும் கிடைக்கவில்லை.

இந்தப் பூட்டுக்கென்று தனியாக ஓர் இணைப்பைத் திறந்து, மென்பொருள் மூடும்வரை அதை மூடாமல் வைத்திருங்கள். அந்த இணைப்புக்கு மட்டும் பூலிங்கை (இணைப்புகளைச் சேர்த்து வைத்து மறுபடி பயன்படுத்தும் வசதி) அணைத்துவிடுங்கள். மற்ற வேலைகளோடு இதைக் கலந்தால் பூட்டு எப்போது போனது என்றே தெரியாது.

இப்போது கரண்ட் போகட்டும். சர்வர் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது, மேசைக் கணினிகள் எல்லாம் அணைந்துவிட்டன. அணைந்த கணினி ‘போய் வருகிறேன்’ என்று சொல்லாது. ஆகவே எதிர்முனை இன்னும் இருக்கிறதா என்று சர்வர்தான் தட்டிப் பார்க்க வேண்டும். விண்டோஸின் பொதுவான டிசிபி (நெட்வொர்க் இணைப்பு நெறிமுறை) அமைப்பில் இந்தத் தட்டுதல் தொடங்கவே 2 மணி நேரம் ஆகும். நல்லவேளையாக, எஸ்கியூஎல் சர்வர் தனக்கென்று 30 நொடி வைத்திருக்கிறது. பதில் வராத இணைப்பைச் சிறிது நேரத்தில் அதுவே துண்டிக்கும். பூட்டும் அத்தோடு விடுபடும். சர்வரும் சேர்ந்தே அணைந்தால் இன்னும் எளிது. பூட்டுகள் நினைவகத்தில் மட்டுமே வாழ்பவை, மறுபடி தொடங்கும்போது எல்லா இருக்கையும் காலியாகவே இருக்கும். காலை போன் வராது.

உங்கள் துறைக்கே உரிய ஒரு பொறி இங்கே இருக்கிறது. இதில் விழுந்தவர்கள் பலர். இந்தப் பூட்டு ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனி. கணக்கு மென்பொருள்களில் நிதியாண்டுக்கு ஒன்று, நிறுவனத்துக்கு ஒன்று என்று தரவுத்தளம் பிரிப்பது நம் ஊர் வழக்கம். அந்தந்தத் தரவுத்தளத்திலேயே பூட்டினால், நடப்பு ஆண்டில் 5 பேர், சென்ற ஆண்டில் 5 பேர், சகோதர நிறுவனத்தில் 5 பேர் என்று லைசென்ஸ் குட்டி போட்டுக்கொண்டே போகும். லைசென்ஸுக்கென்று ஒரே ஒரு பொதுத் தரவுத்தளத்தை வைத்து, பூட்டை அங்கே மட்டும் போடுங்கள். வேறு தரவுத்தள மென்பொருள் பயன்படுத்துபவர்களுக்கு: போஸ்ட்கிரெஸ்ஸின் ‘அட்வைஸரி’ பூட்டுகளும் இப்படித் தரவுத்தளத்துக்குள் அடங்கியவைதான். மைஎஸ்கியூஎல்லின் ‘கெட்_லாக்’ சர்வர் முழுமைக்கும் பொது, ஆனால் அங்கே 8 மணி நேரம் சும்மா இருக்கும் இணைப்பை சர்வரே மூடிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

எந்தத் தரவுத்தளமாக இருந்தாலும் நிமிடத்துக்கு ஒருமுறை உங்கள் பூட்டு இன்னும் கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது; இடையில் அறுந்து மறுபடி ஒட்டிக்கொண்ட இணைப்பில் பழைய பூட்டு இருக்காது. எஸ்கியூஎல் சர்வரில் ‘ஆப்லாக்_மோட்’ என்று கேட்டால் சரியான பதில் வரும். பூட்டு போயிருந்தால் சத்தமில்லாமல் வேறோர் இருக்கையைப் பிடிக்கட்டும். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனவருக்கு நடப்பது இதுதான். திரும்பி வந்து திறக்கும்போது அவர் இடத்தில் வேறொருவர் இருக்கலாம்.

யார் உள்ளே இருக்கிறார்கள் என்று காட்டுவதற்கு ஓர் அட்டவணை வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. இருக்கைக்கு ஒன்றாக 5 வரிகள் போதும். மூன்றாவது இருக்கை கிடைத்தவர் மூன்றாவது வரியில் தன் பெயர், கணினிப் பெயர், வந்த நேரம் ஆகியவற்றை எழுதட்டும். நேரத்தை சர்வரின் கடிகாரத்திலிருந்தே எடுங்கள். மேசைக் கணினிகளின் பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கி ஓடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்த அட்டவணை வெறும் அறிவிப்புப் பலகை. அதில் என்ன எழுதியிருந்தாலும், உள்ளே விடுவதா இல்லையா என்பதைப் பூட்டு மட்டுமே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்து, ‘ஒரு பயனர்’ என்றால் யார்? விற்கும்போதே தெளிவாக வரையறுக்க வேண்டிய கேள்வி இது. ஒரே ஆள் இரண்டு ஜன்னல் திறந்தால் இரண்டு இருக்கை எடுப்பது நியாயமில்லை. இரண்டாவது முறை திறக்கும்போது முதல் ஜன்னலையே முன்னால் கொண்டுவந்துவிடுங்கள். கணினிப் பெயரை வைத்து ஆளைப் பிரிக்காதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் (சர்வரில் ஓடும் திரையைத் தன் கணினியில் பார்த்து வேலை செய்யும் முறை) வைத்திருக்கும் இடத்தில் பத்துப் பேரும் ஒரே சர்வரில்தான் அமர்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் கணினிப் பெயர் ஒன்றே. அங்கே விண்டோஸ் தரும் செஷன் எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்னொன்று: ரிமோட் டெஸ்க்டாப்பின் மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தி வெளியேறினால் மென்பொருள் மூடுவதில்லை. அது சர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும், இருக்கையையும் விடாது. துண்டித்த செஷன்களைக் குறிப்பிட்ட நேரத்தில் முடித்துவிடும் அமைப்பு விண்டோஸ் சர்வரில் உண்டு. நிறுவும்போதே அதைப் போட்டுக்கொடுங்கள்.

தரவுத்தள சர்வரே இல்லாமல், பகிர்ந்த கோப்புறையில் ஆக்சஸ் அல்லது ஃபாக்ஸ்புரோ கோப்புகளோடு ஓடும் பழைய மென்பொருள் உங்களிடம் இருந்தால், அதே கொள்கை கோப்பிலும் செல்லும். கோப்புறையில் ஒரு வெற்றுக் கோப்பை வைத்து, 1 முதல் 5 வரையான பைட்டுகளில் ஒன்றை மட்டும் பூட்டுங்கள். கோப்பில் அந்த பைட்டு இல்லாவிட்டாலும் விண்டோஸ் பூட்ட அனுமதிக்கும். மென்பொருள் செத்தால் பூட்டை இயங்குதளமே விடுவித்துவிடும். ஒரு கோப்பை உருவாக்கி, வெளியேறும்போது அழிக்கும் பழைய முறை மட்டும் வேண்டாம், அதுவும் துண்டுதான். விண்டோஸ் 10, 11 போன்ற சாதாரணப் பதிப்பை சர்வராக வைத்திருந்தால், 20 கணினிகளுக்கு மேல் அது இணைப்புத் தராது. அதை உங்கள் லைசென்ஸ் கோளாறு என்று எண்ணி இரவெல்லாம் தேட வேண்டாம்.

கிளை அலுவலகம் இணையம் வழியாக வந்தால் நீண்ட நேரம் நிற்கும் இணைப்பை நம்ப முடியாது. அங்கே குத்தகை முறைதான் சரி. ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு காலாவதி நேரம், நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தல், 5 நிமிடம் புதுப்பிக்காவிட்டால் இடம் காலி. காலாவதியான இருக்கையை எடுப்பதை ஒரே ‘அப்டேட்’ கட்டளையில் முடித்து, மாறிய வரி 1 தானா என்று பாருங்கள். படிப்பது தனி, எழுதுவது தனி என்று பிரித்தால், ஒரே இடத்துக்கு இரண்டு பேர் உள்ளே வரும் பழைய கோளாறு மறுபடி வரும்.

5 என்ற எண்ணை எங்கே வைப்பது? அட்டவணையில் வைத்தால், நிர்வாகக் கடவுச்சொல் வைத்திருக்கும் வாடிக்கையாளர் அதை 50 ஆக்க ஒரு நிமிடம் போதும். லைசென்ஸ் கோப்பில் எண்ணிக்கையை எழுதி, உங்கள் தனிச்சாவியால் டிஜிட்டல் கையெழுத்திடுங்கள். மென்பொருளுக்குள், அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்க மட்டுமே பயன்படும் பொதுச்சாவி இருக்கட்டும். கையெழுத்து முறை ஆர்எஸ்ஏ, இடி25519 எதுவானாலும் சரி. தனிச்சாவி உங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகக் கூடாது.

அந்தக் கோப்பை மதர்போர்டு எண், ஹார்ட் டிஸ்க் எண் ஆகியவற்றோடு பிணைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. டிஸ்க் பழுதாகும் அன்றுதான் வாடிக்கையாளருக்கு மென்பொருள் உயிர்போகத் தேவைப்படும். பில்லிங் மென்பொருளுக்கு இதைவிட நல்ல கட்டு இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணையும் கையெழுத்திட்ட கோப்பிலேயே வைத்து, பில்லில் அச்சாவது அங்கிருந்து மட்டுமே வரட்டும். கோப்பை வேறொருவர் எடுத்துப் போனால் அவருடைய பில்லில் இவருடைய ஜிஎஸ்டி எண் அச்சாகும். யாரும் அதற்குத் துணியமாட்டார்கள். தரவுத்தளத்தை இரண்டாக நகலெடுத்து 10 பேர் வேலை செய்யலாமே என்று கேட்கலாம். ஸ்டாக் இரண்டாகப் பிரிந்துவிட்டால் அந்த மென்பொருளால் அவர்களுக்கே பயன் இல்லை. பொதுவான தரவு என்பதே உங்களுக்கு வலுவான காவல்.

கடைசியாக, ஆறாவது ஆள் வரும்போது என்ன செய்வது? உள்ளே இருப்பவரை ஒருபோதும் வெளியே தள்ளாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு கணக்கு மென்பொருள், அரை மணி நேரம் சும்மா இருந்தவரை வெளியேற்றி இருக்கையை அடுத்தவருக்குக் கொடுத்தது. மார்ச் 31 அன்று ஒரு கணக்காளர் எண்பது வரிப் பதிவைப் பாதியில் வைத்துவிட்டுத் தொலைபேசியில் பேசப் போனார். திரும்பி வந்தபோது அது இல்லை. அவர் என்னிடம் கோபப்படவில்லை, உட்கார்ந்து முதலிலிருந்து அடித்தார். அதன்பின், சேமிக்காத வேலை இருக்கும்போது இருக்கையைப் பறிக்கும் நிரலை நான் எழுதியதே இல்லை.

வரும் ஆறாவது ஆளுக்கு உள்ளே இருக்கும் ஐவரின் பெயரையும், வந்த நேரத்தையும் காட்டுங்கள். அவரே போய் ‘முடிந்ததா?’ என்று கேட்டுக்கொள்வார். பார்ப்பதற்கு மட்டும் அனுமதிப்பது இன்னும் நல்லது. அவசரத்துக்கு மாதத்தில் சில நாள் ஒரு கூடுதல் இருக்கை தருவதையும் யோசியுங்கள். லோடு லாரி வாசலில் நிற்கும்போது பில் போட முடியாத முதலாளி அடுத்த முறை வேறு மென்பொருள் தேடுவார். மறுக்கப்பட்ட ஒவ்வொரு முறையையும் தேதியோடு பதிவுசெய்யுங்கள். ‘சென்ற மாதம் 14 நாள் இடம் போதவில்லை’ என்று காட்டினால், ஆறாவது லைசென்ஸை அவரே கேட்டு வாங்குவார்.

புதிய முறையை ஒரே நாளில் எல்லா இடத்திலும் போட்டுவிடாதீர்கள். முதல் ஒரு மாதம் பூட்டுகளைப் பிடிக்கட்டும், எண்ணட்டும், ஆனால் யாரையும் மறுக்க வேண்டாம். 7 பேர் வேலை செய்யும் வாடிக்கையாளர்கள் யார் என்று அதில் தெரிந்துவிடும். அவர்களுக்குத் தடை வருவதற்கு முன்பே நேரில் போய்ச் சொல்லுங்கள். உங்கள் அலுவலகத்தில் சோதிக்கும்போது மென்பொருளை ஒழுங்காக மூடிச் சோதிப்பதோடு நிறுத்தாமல், டாஸ்க் மேனேஜரில் கொல்லுங்கள், நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், லேப்டாப்பை மூடித் திறங்கள், மேசைக் கணினியின் பிளக்கையே உருவுங்கள். ஒவ்வொன்றிலும் இருக்கை காலியாக எத்தனை நொடி ஆகிறது என்று குறித்து வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு மேல் போனால் சர்வரின் டிசிபி அமைப்பை மறுபடி பாருங்கள்.