வேல்ஸில் கோட்டைகளையும் மலைகளையும் தவிர என்ன இருக்கிறது? நான்கு நாட்களில் எதைப் பார்ப்பது?

கேள்வியின் விவரத்தில் "இங்கிலாந்தின் மேற்குப் பகுதியான வேல்ஸ்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே போய் அப்படிச் சொல்லிவிடாதீர்கள், கேட்பவர்கள் மனம் நோகும். பிரிட்டனுக்குள் இருக்கும் தனி நாடு அது. ஏறக்குறைய 31 லட்சம் பேர், அவர்களுக்கென்று ஒரு மொழி, 1999 முதல் கார்டிஃபில் சொந்தமாக ஒரு சட்டமன்றம்.

நான் லிவர்பூலில் குடியிருக்கிறேன். வேல்ஸ் எல்லை இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள்தான். லீவு கிடைத்தால் நாங்கள் கிளம்புவது வடமேற்கு வேல்ஸுக்கு. அதனால் இந்தப் பதில் முழுக்க அந்தப் பக்கத்தைப் பற்றியது. தெற்கே பிக் பிட் நிலக்கரிச் சுரங்கம், பெம்ப்ரோக்ஷயர் கடற்கரை எல்லாம் அருமையான இடங்கள்தான். ஆனால் நான்கு நாட்களில் இரண்டு பக்கமும் ஓடினால் பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே வேல்ஸைப் பார்த்திருப்பீர்கள்.

முதலில் கோட்டைகள். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் யார் கட்டியது என்று தெரிந்துகொண்டு போங்கள். 1282 டிசம்பரில் வேல்ஸின் இளவரசர் லவெலின் ஆப் கிரிஃபித் போரில் கொல்லப்பட்டார். அடுத்த ஆண்டே இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் கான்வியில் கோட்டை கட்டத் தொடங்கினார். அது வெறும் நிலமும் அல்ல. லவெலினின் தாத்தா, மாமன்னர் என்று மக்கள் போற்றிய இன்னொரு லவெலின், அங்கிருந்த மடாலயத்தில்தான் அடக்கம் செய்யப்பட்டிருந்தார். துறவிகளை வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு அதே இடத்தில் கோட்டையை எழுப்பினார்கள். கூடவே ஊரைச் சுற்றி மதில். மதிலுக்குள்ளே இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து குடியேற்றியவர்களுக்குத்தான் இடம், வேல்ஸ்காரர்கள் அங்கே வசிக்கக்கூடாது. கான்வி, கார்நார்வன், ஹார்லெக், பியூமாரிஸ் நான்கையும் 1986இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கட்டடக்கலைக்காக அந்தப் பெருமை சரிதான். ஆனால் இவை அந்த மண்ணின் மக்களை அடக்கி வைக்க எழுந்த கோட்டைகள். அந்த மக்கள் தாங்களே உண்டாக்கியது என்ன என்று பார்க்க விரும்பினால் சிலேட்டுக் கல் ஊர்களுக்குப் போக வேண்டும். உங்கள் கேள்விக்கு என் பதிலே அதுதான்.

கான்வியை ஒரு காலையில் முடித்துவிட்டு, அடுத்த ஸ்டேஷனான லாண்டட்னோ ஜங்ஷனில் ப்ளைனை ஃபெஸ்டினியோக் போகும் ரயிலில் ஏறுங்கள். ஆற்றை ஒட்டியே போகும் சின்ன ரயில். வழியில் லான்ரூஸ்ட் தேவாலயத்தில் மாமன்னர் லவெலினுடையது என்று சொல்லப்படும் கல் சவப்பெட்டியின் அடிப்பாகம் இருக்கிறது. அதைத் தாண்டி டோல்வித்தெலனில் இறங்கினால் ஒரு கோட்டைக்கு நடந்தே போகலாம். ஒற்றைச் சதுர கோபுரம், சுற்றிலும் ஆட்டு மேய்ச்சல் நிலம். இது வேல்ஸ் இளவரசர்களே கட்டியது. கான்வியோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பவருக்கு 1283இல் என்ன நடந்தது என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

அதன் பிறகு ரயில் 3 கி.மீ.க்கு மேல் நீளமான ஒரு குகைப்பாதைக்குள் நுழையும். அந்தப் பக்கம் வெளியே வந்ததும் பச்சை நிறம் காணாமல் போயிருக்கும். ஊரின் தலைக்கு மேலே, வீட்டுக் கொல்லை வரைக்கும், மலை மலையாக உடைந்த சிலேட்டுக் கல் கொட்டிக் கிடக்கும். மழை பெய்தால் (அங்கே பெரும்பாலும் பெய்யும்) அந்தச் சாம்பல் நிறம் ஊதாவாகப் பளபளக்கும். 1951இல் தேசியப் பூங்கா அமைத்தபோது, இந்தக் கழிவு மலைகள் அழகைக் கெடுக்கின்றன என்று ப்ளைனை ஊரை மட்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே விட்டார்கள். இன்றும் வரைபடத்தைப் பாருங்கள், பூங்காவின் நடுவில் ஓட்டை போட்டதுபோல அந்த ஊர் தனியாக இருக்கும். 2021இல் யுனெஸ்கோ வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை உலகப் பாரம்பரியமாக அறிவித்தபோது ப்ளைனையும் அதில் இடம்பெற்றது. எனக்கு அந்தச் செய்தி அவ்வளவு சந்தோஷம் தந்தது.

இந்தக் கல்தான் 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டன் நகரங்களின் கூரை. 1842இல் ஹாம்பர்க் நகரம் தீயில் எரிந்தபின் அங்கே எழுந்த புதுக் கூரைகளுக்கும் இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது. ப்ளைனையில் குவாரி மலைக்கு உள்ளே. தொடையில் இரும்புச் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு பாறைச் சுவரில் தொங்கியபடி மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் துளை போட்டிருக்கிறார்கள். லெக்வெத் குவாரியில் இன்று பார்வையாளர்களை உள்ளே அழைத்துப் போகிறார்கள். கோடையிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போங்கள்.

கல்லைப் பிளப்பதை நான் பக்கத்தில் நின்று பார்த்தது லான்பெரிஸ் ஊரிலுள்ள தேசிய சிலேட்டு அருங்காட்சியகத்தில். தாழ்வான இருக்கையில் உட்கார்ந்து, கல் துண்டைத் தொடையில் சாய்த்துக்கொண்டார் தொழிலாளி. அகலமான மெல்லிய உளியை விளிம்பில் வைத்து மரச் சுத்தியலால் இரண்டு தட்டு. சத்தம் மாறுகிறது. உளியை லேசாக நெம்பியதும் கல், ஒட்டியிருந்த புத்தகப் பக்கம் பிரிவதுபோல, இரண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு பாதியையும் மறுபடி பாதியாக்கினார், சில மில்லிமீட்டர் கனம் வரும்வரை. இந்த வேலைக்குச் சரியான இயந்திரம் அமையாமல் கடைசிவரை கைதான் செய்தது. அந்த அருங்காட்சியகத்தைப் புதுப்பிப்பதற்காக 2024 நவம்பரில் மூடினார்கள். திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

தொழிலைவிட என்னை அதிகம் ஈர்த்தது அந்தத் தொழிலாளர்களின் வாழ்க்கை. மதியச் சாப்பாட்டுக்குக் கூடும் குடிசைக்கு கபான் என்று பெயர். அங்கே கவிதைப் போட்டி, பாட்டு, அரசியல் விவாதம், பைபிள் விளக்கம் எல்லாம் நடக்கும். தலைவர் இருப்பார், நிகழ்ச்சிக் குறிப்பும் எழுதுவார்கள். 1884இல் பாங்கரில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியபோது குவாரித் தொழிலாளர்கள் வாரக் கூலியிலிருந்து பணம் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

அதே மனிதர்கள்தான் 1900 நவம்பரில் பெதெஸ்டா ஊரின் பென்ரின் குவாரியை விட்டு வெளியேறியவர்கள். சுமார் 2,800 பேர். தொழிற்சங்கத்தை அங்கீகரிக்க முதலாளி பென்ரின் பிரபு மறுத்துவிட்டார். போராட்டம் 3 ஆண்டு நீண்டது. 1901இல் ஒரு பகுதியினர் வேலைக்குத் திரும்பியதும் ஊர் இரண்டானது. "இந்த வீட்டில் துரோகி இல்லை" என்று வேல்ஸ் மொழியில் அச்சடித்த அட்டையைப் போராட்டக்காரர்கள் ஜன்னலில் வைத்தார்கள். யார் வீட்டு ஜன்னலில் அட்டை இல்லை என்று தெருவே பார்த்தது. பாடகர் குழுக்கள் பிரிட்டன் முழுக்கச் சுற்றிப் பாடி நிதி திரட்டின. பலர் பிழைப்புக்குத் தெற்கே நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். கடைசியில் தொழிலாளர்கள் தோற்றார்கள், ஊரில் விழுந்த அந்தப் பிளவு தலைமுறைகள் தாண்டியும் ஆறவில்லை.

பென்ரின் குடும்பத்தின் மாளிகை பாங்கருக்குப் பக்கத்தில் இருக்கிறது, இப்போது நேஷனல் டிரஸ்ட் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அறக்கட்டளையின் பராமரிப்பில். விக்டோரியா மகாராணியின் வருகைக்காகச் சிலேட்டிலேயே செய்த ஒரு டன் கட்டில் உள்ளே இருக்கிறது. குவாரியைப் பெரிதாக்கிய முதல் பென்ரின் பிரபு ரிச்சர்ட் பெனன்ட்டின் பணம் ஜமைக்காவில் அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களிலிருந்து வந்தது. லிவர்பூலின் எம்.பி.யாக இருந்து அடிமை வணிகத்தை ஒழிக்கக்கூடாது என்று வாதாடியவர் அவர். பெதெஸ்டாவைப் பார்க்காமல் அந்த மாளிகையை மட்டும் பார்த்துத் திரும்பாதீர்கள்.

ப்ளைனையிலிருந்து போர்த்மாடோக் துறைமுகத்துக்கு 1836இல் போட்ட அகலம் குறைந்த ரயில்பாதை இருக்கிறது, சுமார் 22 கி.மீ. ஆரம்பத்தில் இன்ஜினே கிடையாது. சரிவில் சிலேட்டு வண்டிகள் தானாக உருண்டு கீழே போகும், குதிரைகளும் ஒரு வண்டியில் ஏறிக் கூடவே போகும். திரும்பும்போது காலி வண்டிகளைக் குதிரைகள் இழுத்து வரும். 1863இல் நீராவி வந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மூடிய பாதையைத் தன்னார்வலர்கள் துண்டு துண்டாக மீட்டு 1982இல் ப்ளைனை வரை கொண்டுவந்தார்கள். குளிர்காலத்தில் இந்த ரயில் அநேகமாக ஓடாது. போர்த்மாடோக்கிலிருந்து சாதாரண ரயிலில் ஹார்லெக் போகலாம். 1404இல் வேல்ஸ் கிளர்ச்சித் தலைவர் ஓவைன் கிளிந்தூர் இங்கிலாந்தை எதிர்த்துப் பிடித்து, 1409 வரை வைத்திருந்த கோட்டை அது. எட்வர்டின் கோட்டைகளில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் ஒரு கார் எடுங்கள். பாலாவிலிருந்து ட்ராஸ்வுனித் போகும் சாலை கெலின் ஏரிக் கரையோடு போகிறது. பார்க்க அமைதியான நீலத் தண்ணீர். அதன் அடியில் கப்பெல் கெலின் என்ற கிராமம் இருந்தது. பள்ளி, தேவாலயம், தபால் நிலையம், பண்ணை வீடுகள், எல்லாரும் வேல்ஸ் மொழி பேசுபவர்கள். லிவர்பூலுக்குத் தண்ணீர் வேண்டும் என்று இங்குள்ள மாநகராட்சி லண்டன் நாடாளுமன்றத்தில் தனி மசோதா கொண்டுபோனது. அப்படிப் போனால் உள்ளூர் கவுன்சில்களின் அனுமதி தேவையில்லை. 1956இல் கிராமத்தினர் குழந்தைகளோடு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் வந்து கெஞ்சினார்கள். 1957இல் மசோதா நிறைவேறியது. வேல்ஸ் எம்.பி.க்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. 48 பேர் வீடிழந்தார்கள். சில குடும்பங்கள் தங்கள் முன்னோரின் உடல்களை வேறிடம் மாற்றின, மற்ற கல்லறைகளைக் கான்கிரீட் போட்டு மூடினார்கள். 1965இல் அணை திறக்கப்பட்டது. லிவர்பூல் மாநகராட்சி மன்னிப்புக் கேட்டது 2005இல். கரையில் பழைய கட்டடக் கற்களால் கட்டிய நினைவுத் தேவாலயம் ஒன்று இருக்கிறது, அங்கே இறங்குங்கள். நான் குடியிருக்கும் ஊருக்காக இது நடந்தது என்பது எனக்கு ஒவ்வொரு முறையும் உறைக்கும்.

இன்றைய வேல்ஸ் மொழி இயக்கத்துக்கு வேகம் கொடுத்ததில் இந்த ஏரிக்குப் பெரிய பங்கு உண்டு. 1536இலேயே நீதிமன்றத்திலிருந்து விலக்கப்பட்ட மொழி அது. 1588இல் வில்லியம் மோர்கன் செய்த பைபிள் மொழிபெயர்ப்பு அதைத் தாங்கிப் பிடித்தது. 1962இல் மொழிச் சங்கம் தொடங்கியது, 1967இல் முதல் மொழிச் சட்டம் வந்தது. வேல்ஸ் மொழித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன அரசு பின்வாங்கியபோது, 1980இல் வேல்ஸ் தேசியக் கட்சித் தலைவர் க்வின்வோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கி வந்தது, 1982இல் சேனல் தொடங்கியது. 2021 கணக்கெடுப்பில் வேல்ஸ் மொழி பேசத் தெரிந்தவர்கள் 5,38,000 பேர், 17.8 சதவீதம். கார்நார்வன், ப்ளைனை இருக்கும் க்வினெத் மாவட்டத்தில் 64 சதவீதம். அங்கே கடையில், பஸ்ஸில், பள்ளி வாசலில் காதில் விழுவது அதுதான். "டியோல்க்" என்று நன்றி சொல்லிப் பாருங்கள், முகம் மலரும்.

அதே சாலையின் மறுமுனையில், ட்ராஸ்வுனித் பக்கம், அர் அஸ்குர்ன் என்ற பண்ணை வீடு. ஹெத் வின் என்ற புனைபெயரில் கவிதை எழுதிய ஆடு மேய்க்கும் இளைஞனின் வீடு. அவர் போர்ப் பயிற்சி பெற்றது லிவர்பூலை ஒட்டிய லிதர்லண்ட் முகாமில். 1917 ஜூலை 31 அன்று பெல்ஜியப் போர்முனையில் இறந்தார். ஐந்து வாரம் கழித்து, லிவர்பூலுக்கு எதிரே, ஆற்றின் அக்கரையில் பர்க்கன்ஹெட்டில் ஐஸ்டெத்வோட் எனும் தேசியக் கவிதை விழா நடந்தது. வென்ற கவிஞரின் புனைபெயரைச் சொல்லி எக்காளம் ஊதி அழைத்தார்கள், யாரும் எழவில்லை. அவருக்குப் பரிசாக வைத்திருந்த நாற்காலியில் கறுப்புத் துணி போர்த்தினார்கள். பெல்ஜியத்திலிருந்து வந்த ஓர் அகதித் தச்சர் செதுக்கிய நாற்காலி அது. இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறது. பல பத்தாண்டுகள் வந்தவர்களுக்கெல்லாம் குடும்பத்தார் கதவைத் திறந்துவிட்டார்கள், 2012இல் தேசியப் பூங்கா நிர்வாகம் வாங்கியது.

நாலாம் நாள் மலை. 1,085 மீட்டர் அர் வித்வாவுக்கு (வரைபடங்களில் ஸ்னோடன்) பென்-இ-பாஸ் வழியாகப் போகிறீர்களென்றால் சீசனில் பார்க்கிங்கை முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், அல்லது மலையைச் சுற்றி ஓடும் ஷெர்பா பஸ்ஸில் ஏறுங்கள். மேகம் மூடியிருந்தால் ஏறவே வேண்டாம். லான்பெரிஸில் இளவரசர்கள் கட்டிய டோல்பதார்ன் வட்டக் கோபுரத்திலிருந்து எதிரே டினோர்விக் குவாரி படிப்படியாக மலையைச் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருவதாக இருந்தால் ஐஸ்டெத்வோட் அந்த ஆண்டு எந்த ஊரில் என்று பாருங்கள், ஒவ்வொரு ஆண்டும் இடம் மாறும். மேடையில் முழுக்க வேல்ஸ் மொழிதான், ஆனால் ஆங்கில மொழிபெயர்ப்புக்கு ஹெட்ஃபோன் தருவார்கள். நாற்காலிக்கான போட்டியில் கவிதை கங்ஹானெத் என்ற கடுமையான யாப்பில் இருக்க வேண்டும். ஒரே அடிக்குள் மெய்யெழுத்துகள் வரிசை மாறாமல் திரும்பி வரும், மோனை எதுகை கேட்டுப் பழகிய காதுக்கு அந்த ஓசை உடனே பிடிபடும். அந்த நேரங்களில் மட்டும் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள்.