வெல்டிங் கை இருக்கு, சிஜில் இல்லையா?

அண்ணே, பினாங்கு பிறையில இத்தனை வருஷம் வெல்டிங் செஞ்சும் சிஜில் (சான்றிதழ்) இல்லைன்னு புது கம்பெனியில எடுக்கலைன்னு எழுதியிருக்கீங்க. அதுக்காக இந்த வயசுல வகுப்புல போய் உட்கார வேணாம். பிபிடிங்கிற அனுபவ அங்கீகார முறை வழியா, உங்க அனுபவத்தை மதிப்பிட்டே ஜேபிகே (அரசாங்கத்தோட திறன் மேம்பாட்டுத் துறை) சிஜில் கெமாஹிரான் மலேசியா, அதாவது மலேசியத் திறன் சான்றிதழ் கொடுக்கும். திறன் தகுதியில மொத்தம் 5 நிலை. 1 முதல் 3 வரை சிஜில், 4, 5 டிப்ளோமா. உங்களுக்கு 2 இல்லாட்டி 3 சரிவரும்னு நினைக்கிறேன்.

கஷ்டமே ஆதாரக் கோப்பு தயாரிக்கிறதுலதான். செஞ்ச வேலையோட படம், சம்பளச் சீட்டு, முதலாளி கடிதம் எல்லாம் அந்தத் தொழிலுக்கான தரத்துல சொல்ற ஒவ்வொரு வேலைக்கும் ஆதாரமா நிக்கணும். 'நல்ல பையன், நல்லா செய்வான்'னு கடிதம் வாங்காதீங்க, பொண்ணு பார்க்கவா போறோம்? எந்த முறை வெல்டிங், எந்த உலோகம், எந்த வருஷம்னு எழுதச் சொல்லுங்க. ஆதாரமே வேணாம், காசு கொடுத்தா போதும்னு சொல்ற ஏஜெண்ட் பக்கம் போயிடாதீங்க.